ஓட்டுக்கு முன் ஒரு பத்திரம்

தேர்தல் வந்தால் கட்சிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். நம் தொகுதியில் நிற்பவர் யார், எப்படிப்பட்டவர் என்ற பேச்சு குறைவு. ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தர வேண்டும். குற்ற வழக்குகள், தன் பெயரிலும் கணவன் அல்லது மனைவி பெயரிலும் உள்ள சொத்து, கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். சும்மா கிடைத்ததல்ல இது. வழக்குப் போட்டு, 2002-ல் உச்ச நீதிமன்றத்தில் வாங்கிய உரிமை.

இந்தப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். சாதியும் சின்னமும் கடைசி ராத்திரி கவரும் வந்து சேரும் முன்னால் இந்தத் தாள்கள் வாக்காளரிடம் போய்ச் சேர வேண்டும். மீண்டும் நிற்பவர் என்றால், போன தேர்தலில் கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சொத்து எப்படிக் கூடியது என்று, ஓட்டுக் கேட்டு வரும்போது அவரிடமே கேளுங்கள்.