வாப்பா வரைந்த தீவு

மன்னார்த் தீவை நான் முதலில் படித்தது புத்தளத்து மணலில்தான். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது எனக்கு நான்கு வயது. ஊர் பற்றிய நினைவு எதுவும் என்னிடம் மிஞ்சவில்லை.

அகதி முகாமில், அஸர் தொழுகை முடிந்ததும் வாப்பா ஈர்க்குச்சியால் தீவை வரைவார். தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு செல்லும் நிலம். பெருநிலத்தோடு அதைச் சேர்க்கும் பாலம். பாலம் கடந்ததும் 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. அதன் நான்கு கொத்தளங்கள். அப்பால் பள்ளிமுனைப் பெருக்கமரம்.

"ஒட்டகத்துக்குத் தீனியா அரபு வியாபாரிமார் கொண்டுவந்த மரமெண்டு சொல்லுவாங்க மகன். பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாது."

வடகரையில் எருக்கலம்பிட்டி, பின் பேசாலை, முனையில் தலைமன்னார். அங்கிருந்து 1914 முதல் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியதையும், 1964இல் அந்தத் தனுஷ்கோடியையே சூறாவளி அழித்ததையும் சொல்வார். அதற்கப்பால் வரிசையாக மணல்திட்டுகளைப் புள்ளியிடுவார்.

எங்கள் வீட்டை மட்டும் வரையமாட்டார். கேட்டால், காலால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுந்துவிடுவார்.

வாப்பா புத்தளத்திலேயே மௌத்தானார். 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகு நான் ஊருக்குப் போனேன். கோட்டையும் பெருக்கமரமும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தன. ஊர்ப் பள்ளிவாசல் வரை யாரிடமும் வழி கேட்கவில்லை. அதற்குமேல் எனக்குப் பாதை தெரியவில்லை. ஒரு முதியவர்தான் கூட்டிப்போய்க் காட்டினார்: பற்றைக்குள் ஓர் அத்திவாரம், தூர்ந்துபோன கிணறு. அப்போதுதான் புரிந்தது. மணலில் வரைந்ததைக் கடைசியில் அழிக்கத்தானே வேண்டும்? வீட்டை அழிக்க அவருக்கு மனம் வந்திருக்காது.

கடந்த வருடம் என் மகனை அழைத்துப் போனேன். அவனைக் கவர்ந்தவை தென்கரைக் காற்றாலைகள். 2020இல் திறக்கப்பட்ட முப்பது கோபுரங்கள். புத்தளம் திரும்பியதும் தாளில் தீவை வரைந்தான். முதலில் காற்றாலைகள், பிறகு கழுதைகள், மூலையில் சிறிதாகக் கோட்டை.

"நம்மட வீடு எங்க மகன்?"

"அது புத்தளத்திலதானே வாப்பா. இந்தத் தாளுக்குள்ள வராது."

அவன் சொன்னதில் பிழையில்லை. பேனையை எடுத்தேன். வடகரையில், பள்ளிவாசலுக்குப் பின்னால், ஒரு சிறு வட்டம் போட்டேன்.

"இது என்ன?"

"கிணறு" என்றேன்.