மணற்கரையில் இரண்டு முகாம்கள்

'முகாம்' என்னும் சொல் நம்மவர் செவிகளில் இனிமையாக ஒலிப்பதில்லை. இராணுவ முகாம், அகதி முகாம், தடுப்பு முகாம் என்றே அச்சொல்லை நம் தலைமுறை அறிந்திருக்கிறது. ஆனால் மேற்கு ஐரோப்பாவில், அதே பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த 'கம்பிங்' என்னும் சொல் விடுமுறையையும் வெயிலையும் கடற்குளிப்பையும் நினைவூட்டுகின்றது. அங்குள்ளோர் அச்சொல்லைக் கூறும்போது முட்கம்பியை நினைப்பதில்லை. கூடாரத்தையும் கரவன் வண்டியையும் பிள்ளைகளின் விளையாட்டையுமே நினைக்கின்றனர். ஒரே சொல் ஒரு சாராருக்கு இன்பமாகவும் மறு சாராருக்குத் துன்பமாகவும் பொருள்படுமாயின், அதன் காரணத்தை அகராதியில் தேடிப் பயனில்லை, சமுதாயத்திலேதான் தேடவேண்டும். பிரான்சின் தென்னெல்லையிலிருந்து ஸ்பெயின் நாட்டு மாலகா நகர் வரை, மத்தியதரைக் கடலின் வெம்மையான கரையோரமாக, இரண்டு குளிர்காலங்களில் நாங்கள் கரவன் வண்டியிற் பயணஞ் செய்தோம். அப்பயணத்தில் இவ்விரு பொருள்களையும் அருகருகே கண்டோம்.

நாங்கள் இருவரும் வடபகுதியில் ஆசிரியர்களாகத் தொழில் தொடங்கியவர்கள். 1980களின் பிற்பகுதியில் நாட்டைவிட்டு வெளியேறி, பாரிஸ் நகரின் புறத்தே குடியேறினோம். எங்கள் சான்றிதழ்களுக்கு அங்கே மதிப்பில்லை. ஒருவர் உணவகமொன்றின் சமையலறையிற் பாத்திரங் கழுவியும் காய்கறி வெட்டியும் உழைத்தார். மற்றவர் விடியுமுன் எழுந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். ஓய்வூதியம் வரத் தொடங்கிய பின், சேமித்த பணத்தில் பழைய கரவன் ஒன்றை வாங்கினோம். காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் ஐந்து மீற்றர் நீளமான சிறு வீடு அது. ஒரு கட்டில், ஒரு வாயு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தாங்கி, மடித்து வைக்கத்தக்க ஒரு மேசை. இவ்வளவே அதன் செல்வம். அதனை முன்னோக்கி ஓட்டுவது எளிது. பின்னோக்கிச் செலுத்துவதுதான் கடினம். ஒருவர் இறங்கி நின்று கைகாட்ட, மற்றவர் அக்கையை நம்பிச் சக்கரத்தைத் திருப்பவேண்டும். நாற்பது ஆண்டு இல்லறத்திற் கற்றுக்கொள்ளாத பொறுமையை அந்தப் பத்து மீற்றர் தூரம் எங்களுக்குக் கற்பித்தது.

குளிர்காலத்தில் இக்கரையோரத்து முகாம்களில் எங்களுக்கு வாய்த்த அயலவர் யார்? ஜேர்மனியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரயில் தொழிலாளி, ஒல்லாந்து நாட்டுத் தாதி, பெல்ஜியத்து ஆலைத் தொழிலாளி. எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். பாத்திரங் கழுவுவதற்கு ஒரே தொட்டி. எங்கள் அடுப்பிற் சூடை மீன் பொரியும் மணம் எழுந்ததும் யாரேனும் ஒருவர் தட்டோடு வந்துவிடுவார். புட்டும் சொதியும் கொடுத்தோம்; அவர்கள் தோடம்பழமும் ஒலிவ் காயும் கொண்டுவந்தனர். வாழ்நாள் முழுவதும் உழைத்த மனிதர் முதுமையில் வெயிலிற் காலை நீட்டி அமர்ந்திருக்கும் காட்சி மனத்துக்கு நிறைவளிப்பது.

இந்த இன்பம் எந்தப் பிரபுவும் இட்ட பிச்சையன்று. 1936ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களிற் பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளைத் தம் வசமாக்கி வேலைநிறுத்தஞ் செய்தனர். அதன் விளைவாக, மக்கள் முன்னணி அரசாங்கம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. குறைந்த கட்டணத்தில் ரயிற் பயணச்சீட்டும் வழங்கப்பட்டது. கடலையே கண்டிராத பல தொழிலாளர் குடும்பங்கள் அந்தக் கோடையில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. விடுதியிற் தங்க வசதியற்றவர்கள் கூடாரத்தைத் தூக்கிச் சென்றனர். இரண்டு வாரம் 1956இல் மூன்றாகவும், 1969இல் நான்காகவும், 1982இல் ஐந்தாகவும் வளர்ந்தது. உணவகத்துச் சமையலறையிற் கைகள் வெந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஐந்து வார விடுமுறையும் அந்தப் போராட்டத்தின் கொடையே. ஆதலால் கடற்கரையிற் சும்மா இருக்கும் தொழிலாளியைக் கண்டு நாம் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. அவனுடைய ஓய்வு, பல பேரின் தியாகத்தால் வென்றெடுக்கப்பட்ட உரிமை.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. அதனை நாங்கள் பயணத்தின் முதற் கட்டத்திலேயே அறிந்தோம்.

ஸ்பெயின் எல்லைக்கு வடக்கே, பிரெஞ்சு மண்ணில், ஆர்ஜெலே என்னும் கடற்கரை ஊர் உள்ளது. நீண்ட வெண்மணற் பரப்பு; பின்னணியிற் பிரனீஸ் மலை. அதன் கரையோரமெங்கும் விடுமுறை முகாம்கள் நிறைந்திருக்கின்றன. நாங்களும் அவ்வூரில் வண்டியை நிறுத்தினோம். மாலை உலாவச் சென்றபோது, நினைவுக் கல் ஒன்று எதிர்ப்பட்டது. 1939இல் அந்த மணலில் வேறொரு முகாம் இருந்தது என்பதை அக்கல் அறிவித்தது.

1939 ஜனவரி 26இல் பார்சலோனா பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. குடியரசின் பக்கம் நின்ற மக்களும் போர்வீரரும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், பனி படர்ந்த மலைக் கணவாய்கள் வழியாகப் பிரான்சுக்குள் நுழைந்தனர். அவர்களிற் பெருந்தொகையினரைப் பிரெஞ்சு அரசு இந்தக் கடற்கரையில் அடைத்தது. முதலில் வந்தோருக்குக் கொட்டகைகூட இருக்கவில்லை. மூன்று புறமும் முட்கம்பி, நான்காம் புறம் கடல். மாசி மாதக் குளிர்காற்றுக்கு அஞ்சி மனிதர் மணலைத் தோண்டிக் குழிகளில் உறங்கினர். உவர்நீரைக் குடித்து வயிற்றோட்டத்தால் மடிந்தனர். அவர்களைக் காவல் காப்பதற்கு, செனெகலிலிருந்தும் வட ஆபிரிக்காவிலிருந்தும் திரட்டப்பட்ட குடியேற்ற நாட்டுப் படையினரை நிறுத்தினர். அடிமை நாட்டவனைக் கொண்டு அகதியைக் காவல் செய்வித்த ஏகாதிபத்தியத்தின் சாதுரியத்தை என்னவென்று சொல்வது! தொழிலாளருக்குக் கடற்கரையைத் திறந்துவிட்ட சட்டம் பிறந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதே நாட்டின் கடற்கரை, தோற்றுப்போன தொழிலாளருக்குச் சிறையாயிற்று.

அன்றிரவு மலையிலிருந்து இறங்கிய காற்று எங்கள் கரவனை அசைத்தது. போர்வைக்குள் இருந்தபடி, 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த எம் உறவினரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீருக்காக அவர்கள் நின்ற வரிசையையும், மழையில் மிதந்த தறப்பாளையும் அவர்கள் வாயிலாகவே கேட்டிருக்கிறோம். ஆர்ஜெலே எங்களுக்கு அந்நிய தேசத்து வரலாறாகத் தோன்றவில்லை.

அவ்வட்டாரத்தில் ஆசிரியர்கள் இருவரின் நினைவு வாழ்கிறது. ஒருவர், கவிஞர் அந்தோனியோ மச்சாதோ. ஸ்பெயினின் சிற்றூர்ப் பாடசாலைகளிற் பிரெஞ்சு மொழி கற்பித்துச் சீவித்தவர். வயோதிபத் தாயுடன் எல்லையைக் கடந்து வந்து, 1939 பெப்ரவரி 22இல் கொலியூர் என்னும் மீனவர் ஊரில் உயிர்நீத்தார். மூன்று நாளில் தாயும் இறந்தார். மற்றவர், எலிசபெத் ஐடன்பென்ஸ் என்னும் சுவிற்சர்லாந்துப் பெண். ஆசிரியையாகிய அவர், முகாம்களிற் குழந்தைகள் இறப்பதைக் கண்டு பொறுக்காது, அருகிலுள்ள எல்ன் என்னும் ஊரிற் பாழடைந்த மாளிகையொன்றைப் பிரசவ மனையாக்கினார். 1939 முதல் 1944 வரை 597 குழந்தைகள் அங்கே பிறந்தன. அரசுகள் கைவிட்ட இடத்தில் ஓர் ஆசிரியை நின்றார் என்பதை நம் மாணவர்க்கு நாம் சொல்லவேண்டும்.

எல்லையைக் கடந்து தெற்கே சென்றோம். அல்மெரியாவிலிருந்து மாலகா வரை ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரத்துக்கு, மலைக்கும் கடலுக்குமிடையே நெளிந்து செல்லும் பழைய வீதி ஒன்று உண்டு. வழியிலே மோத்திரில் பகுதியில் மாமரங்களைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். நம்மூர் அன்னமுன்னாவுக்கு உறவான பழமொன்றும் அங்கே விளைகிறது. ஒரு கணம் ஊருக்கே திரும்பிவிட்டது போன்ற மயக்கம் எங்களுக்கு உண்டாயிற்று. முன்னாளில் அந்நிலங்களிற் கரும்பு விளைந்தது. 1937 பெப்ரவரி 8இல் மாலகா வீழ்ந்தபோது, அவ்வீதியில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அல்மெரியாவை நோக்கி நடந்தனர். கடலிலிருந்து பிராங்கோவின் போர்க்கப்பல்கள் குண்டு பொழிந்தன. வானிலிருந்து விமானங்கள் சுட்டன. கரும்பைக் கடித்துப் பசியாறி, கரும்புக்குள் ஒளிந்து, ஆயிரக்கணக்கானோர் வீதியோரத்தில் மடிந்தனர்.

எதிர்த்திசையிலிருந்து அப்போது ஒரு வண்டி வந்தது. கனடா நாட்டு வைத்தியர் நோர்மன் பெத்தியூன், போர்முனைக்கு இரத்தங் கொண்டுசெல்லும் தமது வண்டியுடன் மாலகாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். மக்கள் வெள்ளத்தைக் கண்டதும், வண்டியிலிருந்த பொருள்களை இறக்கிவிட்டு, குழந்தைகளையும் தாய்மாரையும் ஏற்றினார். அவரும் தோழர்களும் இரவு பகலாக அவ்வீதியிற் போவதும் வருவதுமாயிருந்தனர். நாங்களும் பெத்தியூன் வந்த திசையிலேயே மேற்கு நோக்கி வண்டியிற் சென்றோம். எங்கள் வண்டியில் அரிசியும் மீன்குழம்பும் மெத்தையும் இருந்தன. மாலகாவின் எல்லையிற் கடலோரப் பாதையொன்றுக்குக் கனேடியரின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். அங்கே சிறிது நேரம் மௌனமாக நின்றோம்.

இவை பழங்கதைகள், இன்று ஐரோப்பா திருந்திவிட்டது என்று எவரேனும் எண்ணக்கூடும். அவர்கள் அல்மெரியா மாகாணத்தின் வயல்களைக் காணவேண்டும். வயல் என்பதைவிடப் பிளாஸ்ரிக் கடல் என்பதே பொருந்தும். 30,000 ஹெக்ரேயருக்கு மேற்பட்ட நிலம் பிளாஸ்ரிக் கூரையால் மூடப்பட்டிருக்கிறது. அதன் கீழ் விளையும் தக்காளியும் குடைமிளகாயும் வெள்ளரியும் குளிர்காலமெங்கும் பாரிசுக்கும் பெர்லினுக்கும் செல்கின்றன. உணவகத்துச் சமையலறையில் எங்களில் ஒருவர் பல்லாண்டு காலம் வெட்டிய தக்காளிப் பெட்டிகளிற் பலவற்றில் இம்மாகாணத்தின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. அதனை விளைவிப்போர் பெரும்பாலும் மொறொக்கோவிலிருந்தும், சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளிலிருந்தும் வந்த தொழிலாளர். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பழைய பிளாஸ்ரிக் தாளாலும் மரப்பலகையாலும் கட்டிய குடிசைகளில் வாழ்கின்றனர்.

திரும்பும் வழியில், நீஹார் பகுதியில் தண்ணீர்த் தாங்கியை நிரப்புவதற்காகப் பெற்றோல் நிலையமொன்றில் நின்றோம். சைக்கிளில் இரண்டு பிளாஸ்ரிக் கான்களைக் கட்டிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். மொறொக்கோ நாட்டவன், பிரெஞ்சு பேசினான். எங்கள் கரவனை மூன்று புறமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

"இரண்டு பேர்."

"இதில் இல்லாத காலத்தில் எங்கே வசிப்பீர்கள்?"

"பாரிசுக்கு அருகில், சிறு வீடொன்றில்."

"அப்படியானால் உங்களுக்கு இரண்டு வீடு." அவன் குரலிற் பொறாமை இருக்கவில்லை, கணக்கைச் சரிபார்ப்பவனைப் போலவே சொன்னான். தன் குடிசையில் ஆறு பேர் என்றான். கோடையிற் பிளாஸ்ரிக் கூரைக்கு வெண்சுண்ணம் பூசுவதிலிருந்து காய் பறிப்பது வரை எல்லா வேலையும் செய்வானாம். வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க, பல ஆண்டு வாழ்ந்தமைக்கு அத்தாட்சி வேண்டும். அதற்கு முகவரி வேண்டும். குடிசையை முகவரியாகப் பதிவு செய்ய முடியவில்லை. "உங்களுக்குக் காகிதம் கிடைக்க எத்தனை வருடம் சென்றது?" என்று கடைசியாகக் கேட்டான். "ஏழு" என்றோம். தலையசைத்துக்கொண்டு கான்களைத் தூக்கிக் கட்டினான்.

சக்கரத்தின்மேல் உருளும் எங்கள் வீட்டுக்கும் முகவரி இல்லை. ஆனால் அதனை எவரும் குற்றமாகக் கொள்ளவில்லை. ஸ்பெயினின் 1988ஆம் ஆண்டுக் கரையோரச் சட்டப்படி, கடற்கரையில் முகாமிட்டுத் தங்குவது தடை. ஒரு தடவை அந்தியில் நாங்கள் கரையோரத்தில் நின்றபோது பொலிஸார் வந்து, வணக்கங் கூறி, வேறிடஞ் செல்லுமாறு கேட்டுக்கொண்டனர். தொழிலாளரின் குடிசைகளுக்கு அந்த வணக்கம் கிடைப்பதில்லை. நீஹாரிலே எல் வலிலி என்னும் குடிசைக் குடியிருப்பை 2023 ஜனவரியில் இயந்திரங்களைக் கொண்டு தரைமட்டமாக்கினர். அதற்கும் முன்னே, 2000 பெப்ரவரியில், எல் எஹிடோ நகரில் மொறொக்கோத் தொழிலாளரின் வீடுகளையும் கடைகளையும் இனவெறிக் கும்பல்கள் நாட்கணக்கில் எரித்து நொறுக்கின. 1983ஐக் கண்ட எங்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

ஸ்பெயினின் சட்டம் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 30 நாள் ஊதிய விடுமுறை உண்டு என்கிறது. ஒப்பந்தமும் காகிதமும் இல்லாதவனுக்கு அது ஏட்டுச் சுரைக்காயே. அவன் வாழும் குடிசையிலிருந்து கடல் தொலைவில் இல்லை. நீந்தி மகிழ்வதற்கு அவனுக்கு ஒரு நாள்தான் இல்லை.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? கரவனை விற்றுவிட்டு வீட்டிலிருக்க வேண்டும் என்பதன்று. தொழிலாளியின் ஓய்வைப் பறிப்பதனால் அகதியின் துயர் தீராது. 1936இல் வென்ற உரிமை, காகிதம் உடையவனிடத்தில் வந்து நின்றுவிட்டது. அதனைக் காகிதம் இல்லாதவனிடத்துக்கும் கொண்டுசெல்லவேண்டும். அந்நாளில் ஆலையிற் தொழிலாளர் சங்கமாகத் திரண்டதுபோல, அல்மெரியாவின் பிளாஸ்ரிக் கூரையின் கீழும் இன்று தொழிலாளர் சங்கமாகத் திரண்டு வருகின்றனர். கூலி உயர்வுக்கும் பதிவுக்கும் போராடுகின்றனர். ஐரோப்பாவில் வாழும் நம்மவர், காகிதமின்றிக் கழித்த ஆண்டுகளை மறக்காமல் அவர்கள் பக்கம் நிற்கக் கடமைப்பட்டவர்கள். மத்தியதரைக் கடலைத் தேசப்படத்தில் மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர்களே, ஆர்ஜெலேயையும் அல்மெரியாவையும் தொட்டுக் காட்டுங்கள். அங்கே விடுமுறைக்குச் செல்வோரையும், அங்கே உழைப்போரையும், அங்கே அடைபட்டிருந்தோரையும் ஒரே பாடத்திற் சொல்லிக்கொடுங்கள்.