நோய் அண்டாத முதியவர்கள்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா தாண்டி அரைத்தூக்கத்தில் கடந்துவிடும் ஊர் ஹெப்பகோடி. ஆனேக்கல் தாலுகாவின் ராகி வயல்கள் தொழிற்சாலைகளாகிப்போன பகுதி. 1978இல் பெங்களூரில் ஒரு கார் ஷெட்டில் பப்பாளியிலிருந்து என்சைம் பிரித்தெடுத்த பயோகான், இங்கேதான் வளர்ந்து இன்சுலின் நிறுவனமாயிற்று. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தில் நிலையத்தின் பெயரே ‘பயோகான் ஹெப்பகோடி’. பக்கத்துப் பொம்மசந்திராவில் தேவி ஷெட்டியின் இதய மருத்துவமனை. நோய் சோறு போடும் சாலை என்றால் மிகையில்லை.

இந்தச் சாலையில் கிடைக்காத சரக்கு ஒன்று உண்டு: எண்பது வயதிலும் மாத்திரை டப்பா தேவைப்படாத உடம்பு. ஊருக்கு ஒருவராவது அப்படி இருப்பார். ‘அந்தக் காலத்துச் சாப்பாடு’ என்று சொல்லிவிடுவார்கள். அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட அவருடைய தம்பி அறுபதிலேயே போய்ச் சேர்ந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டோபல் குழுவினர் 2007இல் இத்தகைய ஆசாமிகளைத் தேடிப் புறப்பட்டார்கள். எண்பதைத் தாண்டியும் நாள்பட்ட பெரிய நோய் எதுவும் அண்டாத சுமார் 1,400 பேர் சேர்ந்தார்கள். 2016இல் ‘செல்’ இதழில் வெளியான முடிவு, மந்திர ஜீனை எதிர்பார்த்தவர்களை ஏமாற்றியது. அல்சைமர், மாரடைப்பு ஆகியவற்றுக்கான மரபணு அபாயம் இவர்களிடம் சற்றுக் குறைவு. புற்றுநோய், பக்கவாதம், நீரிழிவு அபாயமோ மற்றவர்களைப் போலத்தான். ஆனாலும் அவை வரவில்லை!

ஆனால் அங்கே அலசப்பட்டவை ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுக்கள். ஆனேக்கல் பாட்டிக்கு அவை எவ்வளவு பொருந்தும்? நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் சீக்கிரமே ஆட்படும் நாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், மாம்பழத்துக்குப் பேர்போன கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் 45 வயதைத் தாண்டிய 10,000 கிராமத்தாரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வை நடத்துகிறது. மறதி நோய் இல்லாதவர்களையே சேர்க்கிறார்கள். யாருடைய நினைவு தேய்கிறது, யாருடையது தேயவில்லை என்று பார்க்கிறார்கள். அதே மையம் முன்னின்று நடத்திய ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் 10,000 மரபணுத் தொகுப்புகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

தொல்லை பிடித்த விஷயம் வயது. கிராமத்துப் பாட்டியிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? பஞ்சம் வந்த வருஷம், ஏரி உடைந்த வருஷம் என்றுதான் கணக்கு. அவர் சொல்லும் எண்பது உண்மையில் எழுபத்திரண்டாக இருந்தால் அதிசயத்தில் பாதி கரைந்துவிடும். தவிர, மருத்துவமனையில் ஃபைல் இருப்பது நோயாளிகளுக்கு மட்டுமே. ஹெப்பகோடியின் ராகி வயல்களில் வேலை செய்த தலைமுறையில் திடமாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்த்தான் தேட வேண்டும். அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்களோ வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள்.