நாலாம் பக்கத்திலேயே தெரிந்த குற்றவாளி

அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் நஹ்வுப் பாடத்தில் என் மாணவன் ஒருவன் அன்று காட்டிய ஈடுபாட்டை அதற்குமுன் எந்த மாணவனிடமும் நான் கண்டதில்லை. கிதாபின் மீது கவிழ்ந்த தலை நிமிரவேயில்லை. அரபு இலக்கணம் பதினான்கு வயதுப் பிள்ளையை இவ்வளவு ஆட்கொள்ளாது என்பது என் அனுபவம். ஆதலால் எழுந்து அருகில் சென்றேன். கிதாபின் நடுவே ஒரு மாத நாவல். அட்டையில் இரத்தம் சொட்டும் கத்தியும் ஒரு பெண்ணின் பாதி முகமும் இருந்தன. பெரம்பலூர் பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் சரக்கு.

வாங்கி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன், கண்டிக்கவும் செய்தேன். அத்துடன் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. இரவு இஷாவுக்குப் பின் அதனைக் கையிலெடுத்த நான், முடித்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன். இதனை மறைத்து எழுதுவது முறையாகாது.

மறுநாள் அவனை அழைத்தேன். "பாதிதானே படித்திருந்தாய்? கொலைகாரன் யாரென்று தெரியுமா?" என்றேன்.

"தெரியும் ஹஜ்ரத். நாலாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"எப்படி?"

"அதுல ஒரு பாய் வர்றாரு, ஹஜ்ரத்."

அவன் குரலில் கோபமில்லை, வருத்தமில்லை. வாய்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னான். விடையும் சரியாகவே இருந்தது. தாடியும் தொப்பியும் அத்தர் மணமுமாக நாலாம் பக்கத்தில் நுழைந்தவர், கடைசிக்கு முந்திய பக்கத்தில் விலங்குடன் வெளியேறுகிறார். நானோ அனுபவமுள்ள வாசகன் என்ற செருக்கில், அவர் வெறும் திசைதிருப்பல் என்று எண்ணிக் கடைசிவரை வேறொருவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்!

மர்மக்கதைகளுக்கும் எனக்கும் உள்ள உறவு பழையது. தமிழ்வாணன் 1977இல் மறைந்தவர். எனினும் மணிமேகலைப் பிரசுரத்தின் மறுபதிப்புகளால் அவருடைய சங்கர்லால் என் பள்ளிப் பருவத்திலும் உயிரோடிருந்தார். மது அருந்தாமல் தேநீர் மட்டுமே அருந்தும் துப்பறிவாளர் என்பதால், வீட்டில் வாப்பா அவரை அனுமதித்திருந்தார். கல்லூரி நாள்களில் மாத நாவல்கள் வந்து சேர்ந்தன. சிறுவாச்சூரில் ஏறிப் பெரம்பலூரில் இறங்குவதற்குள் முதற்கொலை முடிந்துவிடும். திருச்சி வரை சென்றால் குற்றவாளியே பிடிபட்டுவிடுவான். மதுரகாளியம்மன் கோயில் திறந்திருக்கும் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மட்டும் பேருந்தில் நிற்கவே இடமிராது, கொலைகள் ஒத்திவைக்கப்படும்.

அண்மையில் அந்தப் பழைய நாவல்கள் பலவற்றை மறுபடியும் வாசித்தேன். இராஜேஷ்குமாரின் வேகம் இன்றும் வியப்பளிக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ஒருவர், முதற்பக்கத்திலேயே நம் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கலையை ஒருபோதும் மறந்ததில்லை. குறை, முடிவில்தான் இருக்கிறது. தொண்ணூறு பக்கங்களில் போட்ட முடிச்சுகளை விவேக் இரண்டே பக்கங்களில் மூச்சுவிடாமல் பேசி அவிழ்க்கும்போது, அச்சகத்தார் வாசலில் காத்திருப்பது நமக்கே தெரிகிறது. சுஜாதாவிடம் அந்த அவசரம் கிடையாது. 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' இன்றும் புதிதாகவே இருக்கிறது. சிக்கனமான அந்தத் தமிழை நம் ஜும்ஆ பயான் செய்வோர்கூடப் பயிலலாம். ஆயினும் வக்கீல் கணேஷின் உதவியாளன் வசந்த் பெண்களைக் கண்டவுடன் உதிர்க்கும் பேச்சை வீட்டுக் கூடத்தில் உரக்க வாசிக்க இயலாது. பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா அணியும் பனியன் வாசகங்களையும் அவ்வாறே தாண்டிச் செல்ல வேண்டும். இளவயதில் நான் தாண்டிச் சென்றேனா என்று கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் கொலைக்கதைகளுக்கு இடமில்லை. அங்கு ரமணிசந்திரனின் ஆட்சி. "முடிவு மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே, எதற்கு இதைப் படிக்கிறாய்?" என்று என் மனைவியைக் கேட்டேன். "முடிவு தெரியும்தான். அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளை கடைசியில் எப்படி மன்னிப்புக் கேட்கிறான் என்று பார்க்கத்தான் படிக்கிறேன். நிஜத்தில் யார் கேட்கிறார்கள்?" என்று விடை வந்தது. அதற்குமேல் நான் விமர்சனம் செய்யவில்லை.

இவையெல்லாம் பொழுதுபோக்கு. ஆனால் என் மாணவனின் அந்த ஒரு வாக்கியம் பொழுதுபோக்காக எனக்குப் படவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை, தன்னைப் போல உடுத்தியவனை, தன் வாப்பாவைப் போலத் தாடி வைத்தவனைக் கதையில் கண்டவுடன் குற்றவாளி என்று அடையாளம் காணப் பழகியிருக்கிறான். அதற்கு மேலாக, சரியாகக் கண்டுபிடித்தோம் என்று மகிழ்ந்தும் இருக்கிறான்.

இங்கிலாந்தில் ரொனால்டு நாக்ஸ் என்றொரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். மார்க்கப் பணியிலிருந்துகொண்டே துப்பறியும் கதைகளை வாசித்தவர், எழுதியவர். (எனக்கு முன்னோடி உண்டு என்பதை என் சக ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.) அவர் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளியைக் கதையின் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும், துப்பறிவாளருக்குக் கிடைத்த தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும், பேய் பிசாசுகளுக்கு இடமில்லை என்பன போன்றவை அவை. அவற்றுள் ஐந்தாவது விதி விசித்திரமானது. கதையில் சீனர் எவரும் வரக்கூடாது என்பதே அது! முதலில் அதனை இனவெறுப்பு என்றே நினைத்தேன். பின்னர்தான் புரிந்தது. அக்காலத்து மலிவான ஆங்கிலக் கதைகளில் சீனர் ஒருவர் வந்தால் அவர்தான் வில்லன். அந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் பாதிரியார் தடுக்க முனைந்தார்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தமிழ் மர்மக்கதையில் பாய் வரட்டும், கொலையும் செய்யட்டும். நம்மில் குற்றவாளிகளே இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பத்துக் கதைகளில் ஒன்றிலாவது அவர் வந்து, தேநீர் அருந்திவிட்டு, எந்தப் பாவமும் செய்யாமல் வீடு திரும்பவும் அனுமதி இருக்க வேண்டும்.

தமிழில் இவ்வகைக் கதைகளின் தொடக்கக் காலத்தில் நிலைமை இத்துணைச் சுருங்கியதாக இல்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935இல் திரைப்படமாகவும் வந்த புகழ்பெற்ற நாவல். அதில் கதாநாயகி மேனகா வஞ்சகமாக ஒரு மரைக்காயரிடம் விற்கப்படுகிறாள். அம்மனிதர் கெட்டவர்தான். ஆனால் அவளைக் காப்பாற்றுபவளும் அதே வீட்டில் இருக்கிறாள். அவருடைய மனைவி நூர்ஜஹான். மர்மக்கதை எழுதிய ஓர் ஐயங்கார், ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் தீமையையும் நன்மையையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்த்திருக்கிறார். மனிதர்கள் வாழும் வீடு அப்படித்தான் இருக்கும்.

அதற்கும் முன்னே செல்வோம். கண்டியில் வழக்கறிஞராக இருந்தவரும், 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவருமான சித்தி லெப்பை அவர்கள் 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார்கள். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879இல். இடைவெளி ஆறே ஆண்டுகள். எகிப்தில் பெரிய குடும்பத்துக் குழந்தையொன்று களவு போகிறது, பம்பாயில் வளர்கிறது, தான் யார் என்றறியாத அந்தப் பிள்ளை கல்கத்தாவுக்குச் செல்கிறான், எத்தனையோ ஆபத்துகளைக் கடக்கிறான். இன்றைய மாத நாவலுக்குரிய சரக்கு அத்தனையும் அதில் உண்டு. மொழிநடை பழையது, அறிவுரைகள் நீளம், இடையிடையே நானும் கொட்டாவி விட்டேன். ஆயினும் முஸ்லிம் பிள்ளை ஒருவன் தமிழ்க் கதையில் முதன்முதலாக நுழைந்தபோது, தேடப்படும் குற்றவாளியாக நுழையவில்லை; தேடப்படும் குழந்தையாக நுழைந்திருக்கிறான். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938இல் எழுதிய 'காதலா? கடமையா?' நாவலையும் இவ்வரிசையில் நினைக்கலாம். உ.வே. சாமிநாதையர் அவர்களே அதனைப் பாராட்டி எழுதினார்கள்.

அண்மைய வாசிப்பில் என்னைப் பெரிதும் கவர்ந்தவர் இப்னே ஸஃபீ. 1928இல் அலகாபாத் மாவட்டத்தில் பிறந்த அஸ்ரார் அஹ்மத் என்பவரின் புனைபெயர் அது. அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். உருதுவில் ஆபாசம் கலந்தால்தான் கதை விற்கும் என்று நண்பர் வட்டத்தில் ஒருவர் சொல்ல, இல்லை என்று மறுத்த இவர், அதனை மெய்ப்பிக்கவே துப்பறியும் கதை எழுதத் தொடங்கினாராம். 1952இல் 'ஜாசூசி துன்யா' வரிசையும், பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தபின் 1955இல் 'இம்ரான்' வரிசையும் தொடங்கின. 1980இல் மறையும்வரை இருநூறுக்கும் மேற்பட்ட நாவல்கள். எல்லையின் இருபுறமும் மக்கள் காத்திருந்து வாங்கினார்கள். அவற்றுள் நான்கினை ஷம்ஸுர் ரஹ்மான் ஃபாரூக்கி ஆங்கிலமாக்க, சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் 2011இல் வெளியிட்டது. உருதுவின் தலைசிறந்த விமர்சகர் ஒருவர் துப்பறியும் கதையை மொழிபெயர்ப்பதைக் கௌரவக் குறைவாகக் கருதவில்லை என்பதை, வாசிப்பில் மேல்சாதி கீழ்சாதி பார்ப்போர் நினைவில் கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. வில்லன்களின் இயந்திரங்கள் நம்பும்படியாக இல்லை. ஆனால் பார்ப்பவர் முட்டாள் என்று எண்ணும்படி சூயிங்கம் மென்றுகொண்டு உளறித் திரியும் இம்ரான் இருக்கிறானே, அவனை மறக்க இயலாது. தோற்றத்தைக் கண்டு தீர்மானிப்பவர்களெல்லாம் அவனிடம் ஏமாந்து போகிறார்கள்.

தோற்றத்தைக் கண்டு தீர்மானிப்பதில் நானும் சளைத்தவன் அல்லன். சில ஆண்டுகளுக்கு முன் மதரஸாவில் ஒரு கைக்கடிகாரம் காணாமற் போயிற்று. குறும்புக்குப் பெயர்பெற்ற ஒரு பையனை, வேறு எந்த ஆதாரமுமின்றி, நான் எல்லார் முன்னிலையிலும் விசாரித்தேன். இரண்டு நாள் கழித்து அது ஹவுளின் ஓரத்தில், ஒளூச் செய்தவர் கழற்றி வைத்த இடத்திலேயே கிடந்தது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற கருத்தமைந்த ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தேன். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாகத்தான் கேட்டேன், விசாரித்ததோ எல்லார் முன்னிலையிலும். அந்தக் கணக்கு இன்னும் என் மனத்தில் நேராகவில்லை.

ஆதாரத்தைக் கொண்டு தீர்மானிப்பது எப்படி என்பதற்கு யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அதில் சட்டை மூன்று முறை வருகிறது. முதலாவதில் பொய்யான இரத்தம். தின்றது ஓநாய் என்றால் சட்டை கிழிந்திருக்க வேண்டுமே என்று தந்தை யஃகூப் (அலை) அவர்கள் ஐயுற்றதாகத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். இரண்டாவது, பின்புறம் கிழிந்த சட்டை. முன்புறம் கிழிந்திருந்தால் அவர் குற்றவாளி, பின்புறமென்றால் அப்பெண்மணி பொய்யுரைக்கிறார் என்று அவளுடைய குடும்பத்தைச் சேர்ந்தவரே அளவுகோலை வைக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் அந்நியர், அடிமையாக வாங்கப்பட்டவர். சாட்டியவரோ அதிகாரியின் மனைவி. ஆளைப் பார்க்காமல் துணியைப் பார்த்தார்கள். மூன்றாவது சட்டை தந்தையின் கண்ணொளியை மீட்டது. அது துப்பறிதலைச் சேர்ந்ததன்று.

மாணவனிடம் மாத நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாட வேளையில் கூடாது என்ற நிபந்தனை மட்டும் விதித்தேன். அடுத்து வந்த வியாழன் இரவு, பாடமில்லாத நேரத்தில், ஐந்தாறு பிள்ளைகள் சூழ அமர்ந்திருக்க, இப்னே ஸஃபீயின் முதல் இம்ரான் கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். ஆளில்லாத வீடு; அதனுள் ஒரு பிணம்; உடலில் மூன்று காயங்கள். பாதிக்கு மேல் சென்றபின் நிறுத்தி, "குற்றவாளி யார் என்று சொல் பார்க்கலாம்" என்று அவனைக் கேட்டேன்.

அவன் நெடுநேரம் யோசித்தான்.

"துப்பறியறவரும் பாய், போலீஸும் பாய், சந்தேகப்படுறவங்களும் பாய். இதுல எப்படி ஹஜ்ரத் கண்டுபிடிக்கிறது?" என்றான்.

மீதியைக் கவனமாகக் கேட்கச் சொன்னேன்.