அணைந்த திரையும் அவசரத் தீர்ப்பும்



உங்கள் இல்லத்திலும் ஒரு கணினி இருக்கும். பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய அது சில வேளைகளில் முன்னறிவிப்பின்றி முடங்கியும் இருக்கும். அப்போது நீங்கள் யாரைக் கடிந்துகொண்டீர்கள்? நான் என் மகனைக் கடிந்துகொண்டேன். அது தவறென்று உணர எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

நான் கணினி வல்லுநன் அல்லன். வரலாற்றில் பட்டம் பெற்று, மதரஸாவில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லி வருபவன். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் கோட்டைப்பட்டினம் எங்கள் ஊர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையவழி நடந்தபோது, பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக ஒரு மேசைக் கணினி வாங்கினோம்.

சில ஆண்டுகள் நன்றாக உழைத்த அது, ஒரு கோடையில் முடங்கத் தொடங்கியது. மகன் கார்ப் பந்தய ஆட்டத்தில் இருக்கும்போது திரை திடீரென நீலமாகும். சில ஆங்கிலச் சொற்கள் தோன்றும். பின்னர் கணினி தானே அணைந்து மீண்டும் எழும். "ஆடி ஆடியே இயந்திரத்தைக் கெடுத்துவிட்டாய்" என்று விருந்தினர் முன்னிலையில் ஏசினேன். "அத்தா, நான் ஒன்றும் செய்யவில்லை" என்றான். நான் செவிமடுக்கவில்லை. ஆட்டங்கள் அனைத்தையும் நீக்கச் செய்தேன். அன்று முதல் அவன் என்னுடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

மூன்று வாரங்கள் கழிந்தன. என் மகள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அதுவே கடைசி நாள். இணைய உலாவியில் ஏழெட்டுப் பக்கங்கள் திறந்திருந்தன. அதே நீலத்திரை! மூன்று முறை நிரப்பினாள். மூன்று முறையும் அழிந்தது. இறுதியில் கைப்பேசி வழியே ஒருவாறு அனுப்பி முடித்தோம். ஆட்டம் ஒன்றுகூட இல்லாத கணினி ஏன் முடங்கிற்று? இந்தக் கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அறந்தாங்கியில் கணினி பழுதுபார்க்கிறார். அவரிடம் கொண்டு சென்றேன். "ஹஜ்ரத், நீலத்திரையில் என்ன எழுதியிருந்தது?" என்பதே அவரது முதல் கேள்வி. நான் வெட்கினேன். இயந்திரமே தன் நோயைச் சொல்லியிருக்கிறது. நான் வாசிக்கவே இல்லை. மகள் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். அதில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றிருந்தது. "இது துப்பு மட்டுமே, தீர்ப்பு அன்று. ஒவ்வொன்றாகச் சோதிப்போம். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது குணமாக்கியது என்று தெரியாது" என்றார்.

அவர் செய்த வரிசையை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் படியெடுத்தார். அடுத்து வெப்பம். பெட்டியைத் திறந்து தூசியை அகற்றி, விசிறி சுழல்கிறதா எனப் பார்த்து, செயலியின் மேல் உலர்ந்திருந்த வெப்பப் பசையைப் புதிதாகத் தடவினார். பெரும்பாலும் வெப்பத்தாலோ மின்வழங்கியின் பழுதாலோ முடங்கும் கணினி, எந்தச் செய்தியும் காட்டாமல் சட்டென்று அணைந்துவிடுமாம். எங்கள் கணினியில் நீலத்திரை நீங்கவில்லை. மூன்றாவதாக, கிராபிக்ஸ் அட்டைக்குரிய டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தார். அப்போதும் பயனில்லை.

நான்காவது ரேம் என்னும் நினைவகம். விண்டோஸிலேயே இருக்கும் 'மெமரி டயக்னோஸ்டிக்' என்ற சோதனையை இயக்கினார். பிழை உண்டென்று காட்டியது. இரண்டு ரேம் பலகைகளில் ஒன்றை மட்டும் பொருத்திச் சோதித்தார், குறையில்லை. மற்றொன்றை மட்டும் பொருத்தினார், பிழை! அதன் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிக் கறுத்திருந்தன. கடலோர உப்புக்காற்றும் ஈரமும் செய்த வேலை. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர் ஒன்றை எடுத்து, மெல்லத் தேய்த்துத் துடைத்துப் பொருத்தினார். சோதனையில் பிழை மறைந்தது. அந்த ரப்பரின் விலை ஐந்து ரூபாய்!

ஆட்டத்துக்கும் இணையத்துக்கும் என்ன உறவு என்று வினவினேன். கடிதம் தட்டச்சு செய்யச் சிறிது நினைவகம் போதும். பெரிய ஆட்டமும், பல பக்கங்கள் திறந்த உலாவியும் நினைவகத்தை நிரப்பிவிடும். கிராபிக்ஸ் செயலியையும் இரண்டும் பயன்படுத்தும். பத்து அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை ஒழுகினால், விருந்தினர் நிறைந்த நாளில்தான் தெரியவரும். ஆட்டம் பழுதை உண்டாக்கவில்லை, ஒளிந்திருந்ததை வெளிக்காட்டியது.

இத்தகைய அவசரத் தீர்ப்பில் நான் தனியன் அல்லன். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில, ஆட்டங்களின்போது முடங்கின. 'கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை' என்ற செய்தி தோன்றியதால் பலர் கிராபிக்ஸ் அட்டையையும் ஆட்டத்தையுமே பழித்தனர். 2024இல், செயலிக்குச் சென்ற மிகை மின்னழுத்தமே காரணமென்று இன்டெல் அறிவித்து, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சேதமுற்ற செயலிகளை அத்திருத்தம் குணமாக்கவில்லை. அவற்றை மாற்றவே வேண்டியிருந்தது.

நீங்களே பெட்டியைத் திறப்பதானால், மின்செருகியைப் பிடுங்கிய பிறகே திறங்கள். பெட்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும், எல்லோர் முன்னிலையிலும் ஏசியதால் எல்லோரையும் அழைத்து அமரச் செய்து, மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அத்தா" என்றான். முகம் மட்டும் உடனே தெளியவில்லை. ரேமின் கறையை ரப்பர் நொடியில் நீக்கியது. என் சொல்லின் கறை நீங்கச் சில மாதங்கள் பிடித்தன.

ஆகவே, வாசகர்களே, உங்கள் வீட்டுத் திரை அணையும்போது முதலில் ஒரு தாளை எடுங்கள். என்ன செய்துகொண்டிருந்தபோது அணைந்தது, எத்தனை மணி, திரையில் தோன்றிய சொற்கள் யாவை என்று எழுதுங்கள். தூசி, வெப்பம், மின்சாரம், மென்பொருள், நினைவகம் என ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் கடைசியாக வரட்டும்.