எண்ணெய்க் கை

பண்ருட்டிப் பக்கத்துப் பட்டறையில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனபோது, அக்கா முதலில் என்னிடம் நீட்டியது ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய். “விரல் சந்து, நகக்கண்ணு, மணிக்கட்டு வரைக்கும் தேய்ச்சுக்கோ. அப்புறம் சாம்பல் தொட்டுக்கோ. கொசு கடிச்சாலும் மூஞ்சில கை வைக்காத.”

முந்திரி ஓட்டுக்குள் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அவற்றில் அடைந்திருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. தோலைப் புண்ணாக்குவது அதுதான். மா, சேராங்கொட்டை, அமெரிக்கக் காடுகளில் ஆட்களைச் சொறியவைக்கும் பாய்சன் ஐவி கொடி எல்லாமே முந்திரியின் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் வெந்துபோகிறவர்கள் இந்த வேலையில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வேகவைத்து ஆறிய கொட்டையைக் கட்டரின் கத்திகளுக்கு நடுவே நிறுத்திக் காலால் மிதித்தால் ஓடு வெட்டுப்படும். பருப்பில் கத்தி படக்கூடாது. பவுண்டுக்கு 180 பருப்பு நிற்பது பெரிய ரகம், 320 நிற்பது சிறியது. எந்த ரகமானாலும் உடைந்தால் விலை போய்விடும். தடித்த கையுறை போட்டால் கொட்டையின் வளைவு விரலுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் எல்லோரும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறோம்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. தோல் அந்த எண்ணெயை இனங்கண்டுகொள்ளச் சில நாள் பிடிக்கும்போல. பிறகு மணிக்கட்டில் தடிப்பு, விரலிடுக்கில் கொப்புளம், ராத்திரியெல்லாம் அரிப்பு. இன்று பட்டது நாளையோ மறுநாளோதான் கிளம்புகிறது. எங்கே பட்டதென்று பின்னோக்கி யோசித்தாக வேண்டும். கொப்புளத்து நீர் பட்டால் பரவும் என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். அப்படியில்லை. முந்தானையிலும் சைக்கிள் கைப்பிடியிலும் ஒட்டிக் கிடக்கும் எண்ணெய்தான் திரும்பத் திரும்பப் படுகிறது. அக்கா வேலைச் சேலையைத் தனியாகத் துவைப்பார். சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவாமல் டீ கிளாஸைத் தொடமாட்டார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன், தடிப்பு குறைந்தது.

“பழகிடும்” என்று மற்றவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. சிலருக்குப் பழகப் பழக அதிகமாகிறது. போன மாதம் ஒரு பெண்ணுக்குக் கண்ணிமை வீங்கி மூடிக்கொண்டது. அக்கா அவளை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் தரம் பிரிக்கும் மேசையில் உட்காரவைத்தார். அங்கே கூலி குறைவு. மறுபடி கட்டருக்கு வரட்டுமா என்று அவள் வாரா வாரம் கேட்கிறாள். அக்கா முடியாது என்கிறார்.