பின்னால் வருகிறவள்

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மோட்டார் ஹோம் என்று பெயர். படுக்கை, அடுப்படி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் அதில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள். பஸ் அளவுள்ள அந்த வண்டியைக் கடைத்தெருவுக்குள் ஓட்ட முடியாது. அதனால் சிறிய கார் ஒன்றை இரும்புச் சட்டம் மாட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். காரின் நான்கு சக்கரங்களும் தரையில் உருண்டு வரும். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

அங்கே குடியிருக்கும் என் சித்தி மகள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்படிக் கிளம்புகிறவர்கள். முன்வண்டியின் பின்சக்கரம் வாரியடிக்கும் கல், இழுபட்டு வரும் காரின் முகப்பைக் கொத்திவிடுமாம். அதைத் தடுக்கப் பெரிய வண்டியின் பின்புறம் முழு அகலத்துக்கும் ரப்பர் திரை தொங்கவிடுகிறார்கள். இரண்டு வண்டிக்கும் நடுவே வலை இழுத்துக் கட்டுகிறார்கள். காரின் முகப்புக்கு உறை போடுகிறார்கள், பெயின்ட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒட்டுகிறார்கள். "ஆளே இல்லாத காருக்கு என்ன கவனிப்புன்னு பாருக்கா" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் ரோடுதான் கண்முன் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குச் சுமார் 12 கிலோமீட்டர். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744இல் இது ஒரு துண்டு. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகளும், ஜல்லி, எம்-சாண்ட் அடிக்கும் டிப்பர்களும் இதில் ஓடுகின்றன. நான்குவழிச் சாலை வேலை தொடங்கிய பிறகு டிப்பர்கள் கூடிவிட்டன. அவற்றின் பின்னால் ஸ்கூட்டியிலும் டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் போகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். மில் ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், என்னைப் போல மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்கள். எல்லோரும் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருப்போம். வெயிலுக்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பாதி மண்ணுக்குத்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் எனக்கு முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. ஹெல்மெட்டின் முன்கண்ணாடி உடைந்து, அதன் சில்லு வலது கண்ணுக்குக் கீழே கிழித்தது. மூன்று தையல். ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் தையல் போட்ட டாக்டர். சொல்லிவிட்டு, "லாரி பின்னாடி எதுக்கும்மா போனீங்க?" என்று கேட்டார். வீட்டில் அத்தை, "பஸ்ல போனா என்ன?" என்றார். ஆபீசில் ஒருவர், "ஹைவேல லேடீஸ் ஓட்டாம இருக்கிறது நல்லது" என்றார். அந்த லாரியின் பின்சக்கரத்துக்கு ரப்பர் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. இல்லை. ரப்பர் தொங்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்ததைக் கல் படுவதற்கு முன்பே பார்த்திருந்தேன்.

அப்போது என் மகள் பதினொன்றாம் வகுப்பு. உருளும் சக்கரத்தைப் பற்றி இயற்பியலில் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் படம் போட்டுக் காட்டினாள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரியின் டயரில், உச்சி 120 வேகத்தில் முன்னோக்கிப் போகிறது. தரையைத் தொடும் இடமோ அந்த நொடியில் அசையாமல் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கல் கொஞ்சம் மேலே எழும்பி, ஏறக்குறைய அதே இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். பின்னால் 60 வேகத்தில் வருகிறவள் அந்த வேகத்தோடு அதில் போய் முட்டுவாள். கல் தேடி வந்து அடிக்கிற மாதிரி நமக்குத் தோன்றினாலும் அடியில் பெரும்பங்கு நம் வேகம்தான்.

இதை ஆபீசில் சொன்னேன். "அப்ப நீங்கதானே மேடம் போய் மோதியிருக்கீங்க" என்று சிரித்தார் முன்பு அறிவுரை சொன்ன அதே ஆள். மோதியது நான்தான். ஆனால் நான் வரும் வழியில் முக உயரத்துக்குக் கல்லைத் தூக்கி வைத்தது யார்? டயருக்குப் பின்னால் ஒட்டினாற்போல், தரைக்குச் சற்று மேலே வரை ஒரு ரப்பர் தொங்கினால் தாழ்வாகக் கிளம்பும் கற்களில் பெரும்பாலானவை அதில் பட்டு அங்கேயே விழுந்துவிடும். ஜோடி டயருக்கு நடுவே சிக்கிய கல்லைக் கிளம்பும் முன் கடப்பாரையால் தட்டி எடுத்துவிட்டால் பெரிய கல்லும் தெறிக்காது. பாரத்துக்கு மேல் படுதா இழுத்துக் கட்டினால் மேலிருந்தும் சிந்தாது. மூன்றுமே முன்னால் போகிறவர் செய்ய வேண்டியவை.

ஏன் செய்வதில்லை என்று டீக்கடையில் ஒரு டிப்பர் டிரைவரிடம் கேட்டேன். "டிப்பருக்கு ரப்பர் நிக்காதும்மா. குவியல் மேல ரிவர்ஸ் எடுக்கையில டயர் கடிச்சு இழுத்துரும். மாத்தித் தாங்கன்னு ஓனர்ட்ட கேட்டா, அது இல்லாம வண்டி ஓடாதாம்பாரு" என்றார். நேர்மையான பதில். பிரேக் கெட்டால் லாரிக்காரருக்கே ஆபத்து, உடனே பார்ப்பார்கள். ரப்பர் கிழிந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அதன் பலன் முழுவதும் பின்னால் வருகிறவருக்கு, செலவு மட்டும் முன்னால் போகிறவருக்கு. அதனால் அது வண்டியில் கடைசியாகக் கவனிக்கப்படும் பொருளாகிவிடுகிறது.

முன்னால் இருப்பவர் செய்யாததை ஈடுகட்டப் பின்னால் இருப்பவள் தன்மேல் எதையாவது சுற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்கக் காருக்குப் போடும் உறைக்குள் மண் புகுந்தால், காற்றில் உறை படபடக்கும்போது அந்த மண்ணே பெயின்ட்டை அரத்தால் தேய்த்ததுபோல் தேய்த்துவிடுமாம். எங்கள் துப்பட்டாவும் அப்படித்தான். மண்ணுக்காகச் சுற்றிய துணியின் முனை அவிழ்ந்து பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. அதற்காகத்தான் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி இருக்கிறது. பின்னால் அமர்பவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும் மோட்டார் சைக்கிளில் இருக்க வேண்டும் என்கிறது அது. நாம் சாரி கார்டு என்கிறோமே, அதுதான். புது பைக் வாங்கியதும் அழகு கெடுகிறதென்று முதலில் கழற்றப்படுவதும் அதுதான். ஓட்டுகிறவருக்கு அது தேவைப்படாது. பின்னால் ஒருசாய்ந்து உட்காரும் மனைவிக்கோ அம்மாவுக்கோதான் தேவைப்படும்.

"இடைவெளி விட்டுப் போ" என்பார்கள். நல்ல அறிவுரை, நானும் சொல்வேன். முன்னால் போகும் லாரி ஒரு புளியமரத்தைக் கடந்ததும் இரண்டு வினாடி எண்ணுங்கள். அதற்குள் நீங்கள் அந்த மரத்தைத் தொட்டுவிட்டால் மிக நெருக்கமாகப் போகிறீர்கள் என்று பொருள். 60 வேகத்தில் இரண்டு வினாடி என்பது 33 மீட்டர். ஜல்லி லாரி என்றால் அதைப் போல் இரண்டு மடங்கு விடுங்கள். ஆனால் இந்த அறிவுரை ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவளுக்கு மட்டும்தான் உதவும். பின்சீட்டில் இருப்பவளால் இடைவெளி விட முடியாது. இழுபட்டு வரும் காராலும் முடியாது. சட்டத்தில் பூட்டியிருப்பதால் அது ஒதுங்கவும் வழியில்லை, பின்தங்கவும் வழியில்லை. அது தெரிந்துதான் சொந்தக்காரர்கள் அதற்கு அத்தனை தடுப்புகள் வைக்கிறார்கள்.

எங்கள் பக்கம் அப்படிப் பூட்டப்பட்டு வருகிறவர்கள் டிராக்டர் டிரெய்லரில் வரும் பெண்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் விடிவதற்குள் கிளம்புவார்கள். தூக்குச்சட்டி மடியில், தலையில் முண்டாசு. டிராக்டரின் பெரிய சக்கரம் வாரியடிக்கும் சேறும் கல்லும் நேராக அவர்கள் மேல் வரும். உட்காரப் பலகை கிடையாது, பிடிக்கக் கம்பி கிடையாது. சட்டத்தின் கணக்கில் அந்த டிரெய்லர் விளைபொருள் ஏற்றுவது, ஆள் ஏற்றுவதல்ல. அதனால் அது கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி, இவர்கள் அதில் ஏறியிருக்கவே கூடாது என்று வாதாடும். இழப்பீட்டுக்கு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். அவர்களிடம் போய் "ஏன் அதில் ஏறினீர்கள்?" என்று கேட்பதும், என்னிடம் "ஏன் லாரி பின்னால் போனாய்?" என்று கேட்டதும் ஒன்றுதான். வேறு வண்டியை யாரும் அவர்களுக்கு அனுப்பவில்லை.

லாரிகளை எடைபோடவும் அபராதம் விதிக்கவும் சட்டம் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று எழுதியிருக்கிறார்கள். ரோட்டில் அது எப்படி நடக்கிறது என்பது அங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அதனால் எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் தொடங்கினோம். மில் கேட்டில் ஒவ்வொரு லாரிக்கும் வாட்ச்மேன் எடைச்சீட்டும் பில்லும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். கட்டட வேலைக்கு ஜல்லி கொண்டுவரும் லாரிக்குப் பின்ரப்பரும் படுதாவும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஸ்கூட்டியில் வரும் பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். "ரோட்டுல நடக்கிறதுக்கு மில் என்ன செய்யும்?" என்றார் மேனேஜர். "ஜல்லிக்குப் பணம் கொடுக்கிறது மில்தானே சார்" என்றார் வைண்டிங்கில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. இரண்டு மாதம் இழுத்தார்கள். கடைசியில் கேட் ரிஜிஸ்டரில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டார்கள். ரப்பர் இல்லாமல் வந்த லாரி ஒன்று முதல் வாரத்திலேயே திரும்பிப் போனது. அடுத்த நடையில் புது ரப்பர் தொங்கியது.

அது ஒரு மில்லின் கேட், அவ்வளவுதான். டிரெய்லரில் வருகிறவர்களுக்கு கேட் இல்லை, ரிஜிஸ்டர் இல்லை. அவர்களைக் கூட்டிப்போகும் கங்காணியிடம் வேன் வைக்கச் சொல்லிக் கேட்டால், வாடகையைக் கூலியில் பிடிப்பேன் என்கிறாராம். அந்த வாடகையைத் தோட்டக்காரர் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாமா என்று, மம்சாபுரம் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மனு எப்படி எழுதுவதென்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்காரப் போகிறோம்.